ஊரில் இல்லாத பெயர்

தேயிலைத் தோட்ட லயன் வீடுகளில் ஏற்கெனவே மூன்று யுவனேஸ்வரிகள் இருந்தார்கள். ஒருத்தியைக் கூப்பிட்டால் மூவரும் திரும்பினார்கள். பிறந்திருக்கும் தன் மகளுக்கு அந்தக் கதி வரக் கூடாதென்று புனிதன் கைப்பேசியைக் குடைந்து ஒரு ஸ்பானியப் பெயரைப் பிடித்தான்.

“அதேலா. உயர்குடிப் பெண்ணுன்னு அர்த்தம். ஸ்பெயின்லயே இப்ப அபூர்வமாம்.”

“கூப்பிட்டா நாய்கூடத் திரும்பாது லா,” என்றாள் மனைவி சசிரேகா, அந்த ஊரில் எல்லாரும் பேச்சின் முடிவில் ஒட்டும் ‘லா’வோடு.

பதிவு அலுவலகக் கவுண்டரில் ஒரு தமிழ்ப்பெண் இருந்தாள்.

“அம்மா பேரு?”

“சசிரேகா.”

“பிள்ளை பேரு?”

“அதேலா.”

“இப்படி யாருமே வைக்க மாட்டாங்களேண்ணே!”

“அதுக்காகத்தான் வைக்கிறேன்.”

பிறப்புப் பத்திரம் கைக்கு வந்தது. பிள்ளையின் பெயர் சசிரேகா என்றிருந்தது.

“தப்பா இருக்கு! மாத்துங்க!”

“என்ன பேரு போடணும்?”

“அதேலா!”

“அதே பேருன்னா எதுக்குண்ணே மாத்தணும்?” என்றவள், அடுத்த எண்ணை அழைத்தாள்.