சிவப்பாகும் வட்டங்கள்

“மார்க் குறைஞ்சதுக்காக உங்களைக் கூப்பிடலைம்மா. இது வேற.”

டியூஷன் சென்டர் ஆசிரியை கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். கோடுகளால் பின்னப்பட்ட வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாடத்தின் பெயர்.

“எந்தப் பாடத்துக்கு எது அடிப்படைன்னு இந்த சிஸ்டத்துக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரிஞ்சது பச்சை, தெரியாதது சிவப்பு. அதைப் பார்த்துத்தான் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா, வீட்டுல செய்ய அடுத்த பாடம் கொடுக்கும்.”

திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. “ஒழுங்கா படிக்கலையா டீச்சர்?” என்றாள் அம்மா.

“படிக்காத பிள்ளைக்குப் பச்சையே வராதும்மா. மூணு மாசம் முன்னாடி இது அத்தனையும் பச்சை. அப்புறம் சதவீதம் போச்சு. பின்னம் போச்சு. போன வாரம் வகுத்தல். நேத்து ரெண்டாம் வகுப்புக் கழித்தலைக் கொடுத்திருக்கு, அதுவும் தப்பு.” ஆசிரியை குரலைத் தாழ்த்தினார். “தெரிஞ்சதெல்லாம் ஒவ்வொண்ணா மறந்துட்டு வருது. தள்ளிப் போடாம மூளை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

பதினோரு வயதுப் பிள்ளைக்கா? பிள்ளையின் அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது? குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மருந்தளவு கணக்கிட்டுக் கலந்து கொடுப்பவர். மகளுக்கும் தன் மூளைதான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிற மனிதர்.

வெளியே ஓடினாள். வராந்தா பெஞ்சில் மகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“தங்கம், எட்டேழு எவ்வளவு?”

“அம்பத்தாறு.”

“நூறுல முப்பத்தேழு போனா?”

“அறுபத்துமூணு. ஏம்மா இப்பக் கணக்குக் கேக்குறே?”

“முக்காலும் அரையும்?”

“ஒண்ணேகால்.”

“மூணும் சரிதானே!” என்றார் பின்னாலேயே வந்த ஆசிரியை. அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகளை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

“எல்லாம் தெரியுதேடி! அப்ப வீட்டுல மட்டும் ஏன் தப்புத் தப்பாப் போடுறே?”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். “திட்ட மாட்டியே?”

“மாட்டேன், சொல்லு.”

“நான் போடவே இல்லைம்மா. நீ வேலைக்குக் கிளம்பினதும் நான் விளையாடப் போயிடுவேன். முதல் நாள்லேர்ந்தே எல்லாக் கணக்கையும் எனக்காக அப்பாதான் போட்டுத் தர்றாரு.”