இருநூற்றுப் பன்னிரண்டு வரை

இசைக்குழுவின் புதுப் படைப்பில் தவசீலனுக்கு ஒரே வேலைதான். இருநூற்றுப் பன்னிரண்டு தாளக் கட்டங்களை மனத்துக்குள் எண்ணிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். முடிந்ததும் டிரையாங்கிள் என்ற முக்கோணக் கம்பியை ஒரு தட்டு தட்ட வேண்டும். அந்த ஒரு தட்டுக்குக் கோட்டும் டையும் வேறு.

மூன்று ஒத்திகையிலும் எண்ணிக்கையைத் தவறவிட்டார். மூன்று முறையும் அவர் கண் இசைத்தாள் ஸ்டாண்டில் கிடந்த போன் மேலேயே இருந்தது.

“அங்கிள், அத ஆஃப் பண்ணுங்க லா” என்று கெஞ்சினாள் அந்த இசையை எழுதிய ருமானா. “ஒரு தட்டுதானே!”

“முடியாதும்மா. வேணும்னா வேற ஆளப் போட்டுக்க.”

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் அரங்கில் முதல் நிகழ்ச்சி. இருநூற்றுப் பன்னிரண்டு முடிந்த அதே நொடியில் டிரையாங்கிள் ஒலித்தது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

மேடைக்குப் பின்னால் ருமானா ஓடி வந்தாள்.

“பெர்ஃபெக்ட் அங்கிள்! இன்னைக்கு ஸ்டாண்டுல போனையே காணோமே?”

“கார்லயே விட்டுட்டேன்.”

“நான் சொன்னது சரியாப் போச்சா? சரி வாங்க, எல்லாரும் டீ குடிக்கப் போறோம்.”

“இல்லம்மா, கிள்ளானுக்குப் போகணும்.” டிரையாங்கிளைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

“இத ஒத்திகையிலயே செஞ்சிருக்கலாம்ல அங்கிள்? அப்ப மட்டும் ஏன் அவ்வளவு பிடிவாதம்?”

தவசீலன் பையின் ஜிப்பை நிதானமாக இழுத்து மூடினார்.

“என் வைஃப் மூணு வாரமா கிள்ளான் ஆஸ்பத்திரி ஐசியூல இருந்தாம்மா. ஏதாச்சும்னா போன் பண்றோம்னு சொல்லியிருந்தாங்க.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“காலையில பண்ணிட்டாங்க.”