ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேர்

"லேப்ல ஆள் இருக்கு, கரென்ட்டும் இருக்கு. அப்புறமும் பாயிண்ட் ஏற மாட்டேங்குது. என்னவா இருக்கும்?"

அக்கா இப்படிக் கேட்டபோது, சின்னவள் ரத்தக் குழாய்களைச் சுழலும் இயந்திரத்தில் எதிரெதிராக அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் இரண்டே பேர். நுண்ணோக்கியில் கண் வைத்தே பதினெட்டு வருடம் ஓட்டிவிட்ட, உறவில்லாமல் வயதால் மட்டும் அக்கா ஆனவள். வருகிறவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் சின்னவள்.

"உள்ள யாரை வெச்சிருக்கீங்க?"

அக்கா மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தாள். "ஒரு பைலட். ஒரு இன்ஜினீயர்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவங்க எத்தனை வருஷம் உக்காந்திருந்தாலும் ஒரு பாயிண்ட்கூட வராதுக்கா. அதுக்கு விஞ்ஞானி வேணும். ஒருத்தர் இருந்தா ஓடும். ரெண்டு பேர் இருந்தா வேகமா ஓடும்."

ஒரு மாதமாக இதே கதைதான். ராக்கெட் கட்டி விண்வெளிக்கு அனுப்பி, அங்கே ஆய்வுக்கூடம் நடத்திப் பாயிண்ட் சேர்க்கும் கணினி விளையாட்டு அது. சின்னவள் கல்லூரி நாளிலிருந்து ஆடுகிறாள். கணினியைப் பார்த்தாலே கொட்டாவி விடும் அக்காவுக்குத் திடீரென்று அதில் கிறுக்குப் பிடித்திருந்தது. தினம் ஒரு சந்தேகத்தோடு வருவாள். பதிலைச் சீட்டில் எழுதிக்கொள்வாள்.

"நிலாவுல அள்ளின மண்ணு, எடுத்த வெப்ப அளவு எல்லாத்தையும் நேராக் கீழ அனுப்பிடலாமா?"

"அனுப்பினா ஒரே ஒரு தடவை கொஞ்சம் பாயிண்ட் கிடைக்கும், அதோட சரி. முதல்ல லேப்ல குடுங்க. அவங்க நாள் கணக்கா உக்காந்து அந்தத் தகவலை அரைச்சு அரைச்சுப் பாயிண்டா மாத்துவாங்க. பல மடங்கு வரும்."

"அரைக்க அரைக்கத் தகவல் தீந்துடுமே."

"தீரத் தீர வேகமும் குறையும். அப்பப்போ புதுசாக் கொண்டுபோய்ப் போடணும். இன்னொண்ணு, ஐந்நூறு பாயிண்ட் சேந்துட்டா லேப் அப்படியே நின்னுடும். ஆன்டெனா வழியாக் கீழ அனுப்பினாத்தான் மறுபடி ஓடும்."

"மெதுவாச் சொல்லு," என்றாள் அக்கா, எழுதிக்கொண்டே.

மறுநாள் காலை அக்காவின் வீட்டுக்காரர் வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறுப்பு. அவரைப் பார்த்ததும் அக்கா, "இவருக்கு எடுத்துடு," என்று சின்னவளிடம் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

சின்னவள் பேச்சுக் கொடுத்தபடியே நரம்பைத் தேடினாள். "வேலை விட்டு வந்தா வீட்டுல நல்லா ஓய்வு எடுப்பீங்களா சார்?"

"எங்கம்மா ஓய்வு? சாயங்காலம் ஆனா ராக்கெட்தான் விடுறேன்." அவர் சிரித்தார். "என் பையன் ஆடிட்டு இருந்த கேம். போன வருஷம் நான் கோவத்துல ஒரு வார்த்தை விட்டுட்டேன். அன்னைக்கே பெட்டியைக் கட்டிட்டுப் போனவன்தான். போன் பண்ணா எடுக்க மாட்டான். சரி, இதை ஆடுறவங்க ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கிற பக்கத்துலயாவது கண்ணுல படுவானான்னு நானும் சேந்தேன். ஒரு மாசமா அவன் பேர்லேருந்து பதில் வருது."

"என்ன எழுதுவார்?"

"எல்லாம் கேம் விஷயந்தான். முந்தாநாள், லேப் ஓட மாட்டேங்குதுன்னு கேட்டிருந்தேன். நேத்துச் சாயங்காலம் பதில் போட்டான். பைலட்டும் இன்ஜினீயரும் எத்தனை வருஷம் உக்காந்திருந்தாலும் ஒரு பாயிண்ட்கூட வராதாம். விஞ்ஞானிதான் வேணுமாம்."

சின்னவளின் கை நின்றது. அவள் சொன்ன அதே வார்த்தைகள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு உள்ளறைப் பக்கம் பார்த்தாள். கதவு பாதி திறந்திருந்தது. அக்கா நுண்ணோக்கிமேல் குனிந்திருந்தாள். ஆனால் கண்ணாடிச் சில்லை நகர்த்தவில்லை, திருகைத் திருப்பவில்லை. அப்படியே இருந்தாள்.

"சரியாத்தானேம்மா சொல்லியிருக்கான்?"

"ரொம்பச் சரி சார்," என்றாள் சின்னவள், உள்ளே கேட்கிற மாதிரி. "உங்க பையனுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு."

உள்ளே அக்கா அடுத்த சில்லை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

சின்னவள் ரத்தத்தை எடுத்து முடித்துப் பஞ்சை அழுத்தினாள். அவர் கையை மடக்கிக்கொண்டு எழுந்தார். கதவை ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "விஞ்ஞானிக்கு அனுபவம் ஏத்துறது எப்படின்னு இன்னைக்குக் கேக்கப் போறேன். நாளைக்கு அவ உங்கிட்ட வருவா. கொஞ்சம் விளக்கமாவே சொல்லிக் குடும்மா, பதில் நீளமா வரட்டும்."

"உங்களுக்கு எப்படி சார்..." என்றாள் சின்னவள்.

"என் பையன் பொறந்ததுலேருந்து என்னை 'நீ, வா, போ'ன்னுதான் பேசுவான். இதுல, 'நீங்க மாத்திரை போட்டீங்களா'ன்னு கேட்டு வருது. கம்ப்யூட்டரைக் கண்டாலே கொட்டாவி விடுறவளுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்க இங்க உன்னை விட்டா யாரு இருக்கா?"

"அப்புறம் ஏன் சார் தெரியாத மாதிரியே இருக்கீங்க?"

அவர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார்.

"பையன் போன நாள்லேருந்து அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லம்மா. அவன் பேர்லதான் பேசுறா."