ஓட வழி இருந்தது

"அவன் உன்னை அடிக்க வந்தானா, இல்லையா?" மாமா பல்லைக் கடித்தார்.

"வந்தான் மாமா. கையை ஓங்கினான்," என்றான் இளம் வக்கீல், பஸ் நிறுத்தத்தில் மூச்சு வாங்கியபடி.

"அப்புறம் ஏன் திருப்பி அடிக்கல?"

"தப்பிச்சு ஓட வழி இருந்தா ஓடிடணும். வழியே இல்லேன்னாதான் அடிக்கலாம். தற்காப்புச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. அடிச்சிருந்தா என்மேல கேஸ் ஆயிருக்கும்!"

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "மாசக்கணக்கா உயிரைக் கொடுத்துப் பயிற்சி கொடுத்தேனேடா! வக்கீல் சங்கக் குத்துச்சண்டை இறுதிப் போட்டிடா இது! முதல்ல கிளவுஸைக் கழட்டு."

"அப்போ கோப்பை அவனுக்கா?"

"அவனும் வக்கீல்தானே? ஓடறதுக்கு முன்னாடி நீயும் கையைத் தூக்கினேல்ல, அதைப் பார்த்ததும் அந்தப் பக்க வாசல் வழியா ஓடிட்டான். மேடையை விட்டு நகராம நின்னது நடுவர் மட்டும்தான். கோப்பையை அவருக்கே கொடுத்துட்டாங்க!"