இஸட்டுக்கு அடுத்தது

மூட்டை தூக்கித் தூக்கி என் முழங்கால் தேய்ந்துவிட்டது. கிடங்கு மேற்பார்வையாளர் தேர்வில் தேறினால் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், தவறினால் சாகும்வரை மூட்டைதான்.

கிடங்கின் கதவுகளைப் பார்த்தே நாற்பது வயதில் ஆங்கில எழுத்துப் படித்தவன் நான். கதவுக்கு ஓர் எழுத்து. கடைசிக் கேள்வியில் எக்ஸ், ஒய், இஸட் என்று வரிசை போட்டு, அடுத்தது என்ன என்று கேட்டிருந்தார்கள். கடைசிக் கதவில் இருக்கும் எழுத்தை வரைந்துவிட்டு வந்தேன்.

கூடவே தேர்வெழுதிய மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். "இஸட்டோட எழுத்தே முடிஞ்சுபோச்சு மாமா! கேள்வியே தப்புன்னு எல்லாரும் விட்டுட்டோம். நீங்க என்னத்தக் கிறுக்கினீங்க?"

"இஸட்டுக்கு அடுத்த கதவுல நேத்துகூட சரக்கு இறக்கினேன்டா."

என்னைக் கிடங்குக்கு இழுத்துப் போய்க் காட்டினான். இஸட் கதவை ஒட்டி வெறும் சுவர்தான் இருந்தது. "அக்காகிட்ட நீங்களே சொல்லிக்குங்க," என்றான்.

அந்தக் கேள்விக்கு எனக்கு மட்டும் மதிப்பெண் கிடைத்தது. அந்த ஒரு மதிப்பெண்ணால்தான் தேறினேன். வேலை உத்தரவை மைத்துனனே உரக்கப் படித்தான். எந்தக் கதவில் வேலை என்ற இடத்தில் என் எழுத்து அச்சாகியிருந்தது. அதை அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை. நான் வாசித்துக் காட்டினேன்.

இப்போது தினமும் அவன் இஸட் கதவு வரைக்கும் வந்து, பக்கத்துச் சுவரைப் பார்த்து, "மாமா, எங்க இருக்கீங்க?" என்று கூப்பிடுகிறான். நான் அடுத்த கதவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.