அடுத்தவனுக்கு வைத்த பெயர்

துணியை விலக்கி அவள் பிள்ளையின் காதைப் பார்த்தாள்.

வலது காது. மடல் ஓரம் சரியாக விரியக்கூட இல்லை. மழைக்கு முளைத்த காளானைப்போலத் தலையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வரைக்கும் தொட விடவில்லை. இப்போது தொடலாம்.

"எவ்ளோ நேரம் வேணும்னாலும் வச்சிருங்கக்கா" என்று சொல்லிவிட்டு நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

பிள்ளையின் கையில் ஒரு பட்டை. அதில் இருந்ததும் அவள் பெயர்தான். இன்னாருடைய ஆண் குழந்தை.

அவர்கள் வழக்கப்படி இருபத்தெட்டாம் நாள் அன்றுதான் பெயர் விளிப்பார்கள். அரையில் கறுப்புக் கயிறு கட்டி, ஒரு காதை வெற்றிலையால் பொத்தி, மறு காதில் மூன்று தடவை. காதில் விழுந்துவிட்டால் அந்தப் பெயர் அவனுடையது. அவன் இறந்துபோனால் அதுவும் கூடப் போய்விடும். அந்த வீட்டில் பிறகு பிறக்கும் பிள்ளைக்கு அதை வைக்க மாட்டார்கள்.

பிள்ளை இருபத்தெட்டு வரை காத்திருக்கவில்லை.

பெயர் மட்டும் எப்போதோ தயாராக இருந்தது.

தாணுமாலயன்.

மாமனாரின் பெயர். மூத்த மகனின் மூத்த மகனுக்கு அதுதான், பேச்சே கிடையாது. சிவன், திருமால், பிரம்மா, மூவரும் ஒரே பெயருக்குள்.

"மூணு சாமி காவலு கெடக்கு. பிறவு என்ன வேணும்?" என்பார் அவர், அவள் வயிற்றைப் பார்த்து.

வயிற்றைத்தான் பார்ப்பார். முகத்தைப் பார்த்ததில்லை.

அந்தப் பெயரை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. மருமகள் சொல்லக்கூடாது. மாமியாரும் கல்யாணமான நாள் முதல் சொன்னதில்லை. அதே பெயருள்ள சாமியைக் கும்பிடச் சுசீந்திரம் கோவிலுக்குப் போனால்கூட, "சாமியப் பாத்துட்டு வாறேன்" என்பதோடு சரி.

"அப்பம் நான் பெத்த பிள்ளைய நான் எப்படி விளிக்க, அத்தே?"

"அப்புன்னு விளி. ஒம் மாப்பிள்ளைக்கு அவன் தாத்தா பேருதான், எம் மாமனாரு பேரு. இன்னைக்கும் நான் அப்புன்னுதான விளிக்கேன். செத்தா போனேன்?"

அதனால்தான் அவள் யாருக்கும் தெரியாமல் செல்போனில் பெயர்களைத் தேடினாள். கூப்பிட ஒன்று வேண்டுமே.

உலகத்தில்தான் எத்தனை ஆண் பெயர்கள். அரபியில் யஹ்யா என்றால் வாழ்கிறவன். எபிரேயத்தில் ஹயீம் என்றால் உயிர். கானாவில் வெள்ளிக்கிழமை பிறந்தவன் கோஃபி. நைஜீரியாவில் ஒரு பெயர் துரோஜாயே. இருந்து வாழ்ந்து பார் என்று அர்த்தமாம். பிறந்து பிறந்து சாகிற வீட்டில் வைப்பார்களாம். நம் ஊரில் பிச்சை என்று வைப்பதும் இதுதானே என்று நினைத்துக்கொண்டாள். எல்லா ஊரிலும் ஒன்று அதிகாரம், இல்லாவிட்டால் கெஞ்சல்.

கணவனிடம் ஒரே ஒரு தடவை கோஃபி என்று சொல்லிப் பார்த்தாள்.

"காப்பி வேணும்னா காப்பி கேளு. அப்பா காதுல விழுந்தா நான் தொலஞ்சேன்."

பிள்ளை பிறந்தது ஒரு வெள்ளிக்கிழமை.

கதவு திறந்தது. நர்ஸ். பின்னால் கணவன். சவர்க்காரம் போட்டுக் கழுவிய முகம்.

"அண்ணா, சர்டிபிகேட்டுல குழந்தை பேரு என்னன்னு போடட்டு?"

அவன் வாயைத் திறந்தான்.

அதற்குள் வராந்தாவிலிருந்து மாமனாரின் குரல்.

"பேரு வைக்கல்லன்னு சொல்லுல. மண்ணுக்குள்ள போறதுக்கு எம் பேரு எதுக்கு? அது அடுத்தவனுக்கு இருக்கட்டு."

அவன் வாயை மூடிக்கொண்டான். அப்படியே நர்ஸோடு வெளியே போய்விட்டான்.

அடுத்தவனுக்கு.

அவள் வயிற்றில் தையல்கூட இன்னும் காயவில்லை.

வெளியே மாமனார் குழிக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார். ஆழமாகத் தோண்டச் சொன்னார். அந்தப் பக்கம் நாய் ஜாஸ்தியாம்.

இனி உலகத்துப் பெயர்கள் எல்லாம் அவளுக்குத்தான். ஒருவரும் தடுக்க மாட்டார்கள். கோஃபி என்று விளிக்கலாம். வாழ்கிறவன் என்றே விளிக்கலாம்.

பிள்ளையை மார்போடு தூக்கினாள். இடது காதை உள்ளங்கையால் பொத்தினாள். வலது காதில் உதட்டை வைத்தாள்.

"தாணுமாலயன்."

பழகாத நாக்கு. நடுவில் ஒரு இடத்தில் தடுக்கியது.

கட்டிலின் கால்மாட்டில் மாமியார் இருந்தாள். காலையிலிருந்து குனிந்தே இருந்தவள். சட்டென்று நிமிர்ந்தாள்.

நாலு மாதமாக அவள் கண் முன்னால் வளர்ந்த வயிறு அது. தினமும் எண்ணெய் தடவிவிட்டவள்.

மடியைத் துழாவினாள். வெற்றிலைப் பொதியைப் பிரித்தாள். வாடாத ஒன்றைத் தேடி எடுத்து, சேலையில் துடைத்து, காம்பைக் கிள்ளி, நீட்டினாள்.

அவள் பிள்ளையின் காதிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள்.

வெற்றிலை காதை மூடி, கன்னத்தையும் மூடிவிட்டது.

"தாணுமாலயன்."

பிறகு, வராந்தாவின் கடைசி வரை கேட்கும்படி.

"தாணுமாலயா!"

மாமனாரின் செருப்புச் சத்தம் நின்றது.

"ஆரு என்னய விளிச்சது?"

மாமியார்தான் பதில் சொன்னாள்.

"ஒங்கள இல்ல. பேரனையாக்கும்."