அருவிக்கு வாறீங்களோ

இந்தக் காலத்துச் சனம் விமானம் ஏறிப் போய்க் கூடாரத்தில் படுக்கிறது. அகதி முகாமில் இரண்டு வருடம் கூடாரத்தில் படுத்தவன் நான். அதில் என்ன சுகம் என்று எனக்கு விளங்கவில்லை. நான் வந்து குடியேறிய குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக் குசினியில், சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனுக்குள், மகள் டில்ஷா ஆபிரிக்காவில் நிற்கிறாள். இங்கே குளிர்காலம், பின்னேரம் ஐந்து மணிக்கே இருள்கிறது. அங்கே காலை வெயில் அவளுடைய மழைக்கோட்டில் மினுங்குகிறது. சிநேகிதிகளோடு கூடாரமடித்துத் திரிகிறாள். நேற்றுச் சதுப்பு நிலத்தில் கம்பு ஊன்றித் தள்ளும் வள்ளத்தில் போனார்களாம். "நீர்யானை கிட்ட வராதெண்டு வழிகாட்டி சொன்னவர், அப்பா." "நீர்யானையிட்டையும் சொன்னவரோ?" அவள் சிரிக்கிறாள். "நீங்களும் வந்திருக்கலாம்."

மாசியில் ஒருதரம், வாறீங்களோ என்று கேட்டாள். "எனக்கேன் பிள்ளை" என்றேன். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டாலும் நாங்கள் முதலில் அப்படித்தான் சொல்லுவோம். இரண்டாந்தரம் கேட்டால்தான் ஓம். அவள் இங்கே வளர்ந்தவள். "ஓகே அப்பா" என்று போய்விட்டாள். கூடாரத்தை நான் திட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

டில்ஷா போனை அருவிப் பக்கம் திருப்புகிறாள். திரை முழுக்க வெள்ளைப் புகை. இரைச்சலில் சீனிப் போத்தலுக்குள் கரண்டி நடுங்குகிறது. "அடுத்தமுறை வாறீங்களோ, அப்பா?" என்று கத்துகிறாள். "எனக்கேன் பிள்ளை" என்று நானும் கத்திவிட்டு, காதைப் போனுக்குக் கிட்டக் கொண்டுபோகிறேன். தண்ணீர் விழுகிறது. விழுந்துகொண்டே இருக்கிறது. "ஓகே அப்பா."

கதிரையைத் தள்ளிவிட்டு லைட்டைப் போட எழும்பிப் போகிறேன். கூடாரத்தில் மனிசன் படுப்பானோ?